செகண்ட் ஓனர், வெல் மெயின்டெய்ண்ட்

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். ஆனாலும் மூன்று வருடமாகத் தினமும் இங்கிலீஷில்தான் எழுதுகிறேன். எல்லாம் பழைய வண்டிகளைப் பற்றி. மேட்டுப்பாளையம் ரோட்டில், பெரியநாயக்கன்பாளையம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் எனக்கு வேலை. எங்கள் பக்கம் பழைய வண்டி வாங்கி விற்கும் கடைக்குக் கன்சல்டிங் என்றுதான் பெயர். வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியதும் நாலு பக்கமும் போட்டோ எடுப்பேன். நாலு வரி எழுதிப் போனில் ஏற்றுவேன். கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்வேன்.

அந்த நாலு வரி இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்பது முதலாளியின் பிடிவாதம். அவருக்கும் இங்கிலீஷ் வராது.

"தமிழ்ல போட்டா எடுத்த ஒடனே பேரம் பேசுவாங்க அம்மணி. இங்கிலீசுல போட்டாப் பாரு, மொதல்ல வணக்கம் சொல்லுவாங்க" என்பார்.

எனக்கு முன்னால் அங்கே இருந்த பெண் எழுதி வைத்தவற்றைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். வண்டி பெயரை மட்டும் மாற்றிவிட்டு மீதியை அப்படியே போடுவேன். நியூலி பெயின்டட். ஃபுல்லி இன்ஷூர்டு. ரீசென்ட்லி சர்வீஸ்டு. எது எதற்கு என்று தெரியாமல் போட்டதில் ஒரு கார் நாலு மாதம் விற்காமல் நின்றது. அதற்கு நான் போட்டிருந்தது ஹார்ட்லி மெயின்டெய்ண்ட். ஹார்டு என்றால் கஷ்டம், கஷ்டப்பட்டுப் பார்த்துக்கொண்ட வண்டி என்று நானே ஒன்று செய்துவிட்டேன். சிங்காநல்லூரிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, பராமரிக்கவே இல்லீன்னு நீங்களே போட்டிருக்கறீங்க. இந்தக் காலத்துல இப்படி நெசம் பேசற கன்சல்டிங்கு நான் பாத்ததில்லீங்க. வண்டி உருளுமுங்களா?"

எனக்கு முகம் எரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வார்த்தையும் எதோடு சேரும், எதோடு சேராது என்று பார்க்க ஆரம்பித்தேன். மற்றக் கடைக்காரர்கள் போடுவதையெல்லாம் படிப்பேன். நியூலி தனியாக நிற்காது. நியூலி வண்டி என்று போட முடியாது. அதற்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு காரியம் நடந்து முடிந்திருக்க வேண்டும். பெயின்ட் அடித்தது, பேட்டரி மாட்டியது, சீட் தைத்தது. வெல் மட்டும் 'லி' என்ற வால் இல்லாமலே அந்த வேலையைச் செய்துவிடும். இதெல்லாம் எனக்கு ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுப் போசியைக் கழுவிக்கொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது. புதுசா பெயின்ட் அடிச்ச வண்டி. நல்லாப் பாத்துக்கிட்ட வண்டி. நாம் பேசுவதும் அதே வரிசையில்தான் இருக்கிறது. எப்படி, என்ன செய்தது, எந்தப் பொருள். இங்கிலீஷ்காரனும் இதைத்தான் சொல்கிறான். இத்தனை நாளாக இதற்கா பயந்தேன் என்று குழாயடியிலேயே சிரித்துவிட்டேன்.

எண்கள் வேறு ஜாதி. ஃபர்ஸ்ட் ஓனர், செகண்ட் ஓனர், தேர்டு ஓனர். அவை எப்போதும் முன்னால் வந்து நிற்கும். மற்ற வார்த்தைகளில் கொஞ்சம் நெளிவு சுளிவு உண்டு. வெல் என்றால் எவ்வளவு நன்றாக என்று யாரும் அளந்து கேட்க முடியாது. ரீசென்ட்லி என்பது போன வாரமும் ஆகலாம், போன தீபாவளியும் ஆகலாம். எண்ணில் மட்டும் நெளியக் கூடாது. வண்டியின் ஆர்சியில் எத்தனையாவது ஓனர் என்று அச்சடித்திருக்கும். அதில் பொய் சொன்ன கன்சல்டிங்குக்கு அப்புறம் டீ குடிக்கக்கூட ஆள் வர மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி எனக்குச் சொன்ன ஒரே விதி அதுதான். அதை நான் மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை மீறினேன். அது என் அண்ணனின் வண்டிக்காக.

அண்ணன் குட்டி யானை ஓட்டினான். சின்ன லோடு வண்டிக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர்தான். காய்கறி, வாழைத்தார், மோட்டார் பம்ப்செட், கல்யாண வீட்டுப் பாத்திரம், எது கிடைத்தாலும் ஏற்றுவான். புதிதாக வாங்கிய வண்டி, அவன் பெயரிலேயே. போன ஆடி மாதம் காய்ச்சல் என்று படுத்தான். காமாலை முற்றிவிட்டது என்றார்கள். ஐந்தாவது நாள் இல்லை. இருபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் எக்ஸ்பைர்டு என்று எழுதியிருந்தது. முந்தின வாரம்தான் ஒரு காருக்கு இன்ஷூரன்ஸ் ரீசென்ட்லி எக்ஸ்பைர்டு என்று நான் போட்டிருந்தேன். அந்த வார்த்தையை அதற்கப்புறம் என்னால் எழுத முடியவில்லை. இப்போதும் இன்ஷூரன்ஸ் முடிந்த வண்டிக்கு வேறு ஏதாவது சுற்றி வளைத்துத்தான் போடுகிறேன்.

வீட்டில் மிஞ்சியது அம்மா, அண்ணி, நான். அம்மா மில் கேன்டீனில் வேலை பார்க்கிறாள். அண்ணிக்கு என்னைவிட மூன்று வயதுதான் கூட. கல்யாணமாகி இரண்டு வருடம் முடியவில்லை, குழந்தை இல்லை. ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம். காரியம் முடிந்த அன்றே அவருடைய அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னார். வண்டிக்கு ஒரு வழி பண்ணிவிட்டு வருகிறேன் என்று அண்ணி சொல்லிவிட்டார். அந்தப் பேச்சை வைத்துக்கொண்டே நாட்கள் ஓடின. வண்டி வாசலில் நிற்கிற வரைக்கும் அண்ணி வீட்டில் இருப்பார், வண்டி போனால் அவரும் போய்விடுவார் என்று எனக்குள் ஒரு கணக்கு. அம்மா வேலைக்குப் போனபின் அந்த வீட்டில் நான் மட்டும் இருப்பதை நினைக்கவே பயந்தேன்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் அண்ணி அம்மாவிடம் சொன்னார்.

"வண்டி நின்னே கெட்டுப்போகுதுங்க அத்தை. குடுத்தர்லாமுங்க."

"உன்ற இஷ்டம் கண்ணு" என்றாள் அம்மா.

எனக்கு அண்ணி மேல் கோபம் வந்தது. இவ்வளவு சீக்கிரமாகவா என்று நினைத்தேன். ஏழு மாதம் ஆகியிருந்தது. அது சீக்கிரமா இல்லையா என்று எனக்கு இப்போதும் தெரியாது. அம்மாவிடம் தனியாகப் போய்ச் சண்டை போட்டேன். "அவ சின்னப் புள்ள. நம்ம அழுகைக்கு அவளக் கட்டி வெச்சுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அம்மா துணி துவைக்கப் போய்விட்டாள்.

கடை டிரைவரை வரச் சொல்லி வண்டியை எங்கள் கன்சல்டிங்குக்கே கொண்டுவந்தோம். வழக்கமாக ஓனரிடம் முன்னாலேயே கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். இதில் யாரிடம் வாங்குவது? முதலாளி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"மொதல்ல உங்கண்ணி பேருக்கு மாத்தோணும் அம்மணி. அப்பறம் அவங்க கையெழுத்துப் போட்டு வாங்கறவங்களுக்குக் குடுக்கறது. வேற வழி இல்ல."

வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் சம்மதக் கையெழுத்து, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு இரண்டு மூன்று நடை. அதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே விளம்பரத்தை எழுதி வைத்துவிடு என்றார் முதலாளி.

போட்டோ எடுத்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரு மத்தியானம் முழுக்கப் போய்விட்டது. ஃபர்ஸ்ட் ஓனர். வெல் மெயின்டெய்ண்ட். நியூலி ஃபிட்டட் பேட்டரி. அந்தப் பேட்டரி ஆனி மாதம் மாட்டியது. அண்ணன் அதை மாட்டிவிட்டுக் கிரீஸ் கையோடு வந்து என் கன்னத்தில் கோடு இழுத்துவிட்டுப் போனான். எட்டு மாதப் பேட்டரியை நியூலி என்று போடலாமா? எனக்கு அது நியூலிதான். நீட்லி ஸ்டிச்சுடு சீட் கவர். அதற்கு நீலமா சிவப்பா என்று என்னிடம்தான் கேட்டான். இந்த வார்த்தைகளில் எல்லாம் ஒரு குறை இருப்பது அன்றைக்குத்தான் உறைத்தது. பெயின்டட், ஃபிட்டட், ஸ்டிச்சுடு. காரியம் நடந்துவிட்டது என்று சொல்லும். யார் கை என்று சொல்லாது. மூன்று வருடமாக எத்தனை பேர் கையை இப்படி மறைத்திருப்பேனோ!

அப்படியே ஏற்றிவிட்டேன். மூன்று வாரத்தில் ஆர்சி அண்ணி பெயருக்கு மாறி வந்தது. ஓனர் எண் இரண்டு. விளம்பரத்தில் ஒரே ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும். ஃபர்ஸ்டை எடுத்துவிட்டுச் செகண்ட் போட வேண்டும். இரண்டு விநாடி வேலை. நான் போனை எடுப்பேன், அந்த வரிக்கு வருவேன், திரும்ப வைத்துவிடுவேன். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே விட்டேன். மறந்தேன் என்று சொன்னால் பொய். அண்ணன் முதலில் நிற்கிற இடம் அந்த ஒரு வரிதான் என்று தோன்றியது.

பங்குனியில் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு தேங்காய் வியாபாரி வண்டி பார்க்க வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. விலை ஒத்து வந்தால் அன்றைக்கே முடித்துக்கொள்கிறேன் என்று போனில் சொல்லியிருந்ததால் கையெழுத்துப் போட அண்ணியையும் வரச் சொல்லியிருந்தார் முதலாளி. அண்ணி ஒரு ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வியாபாரி டயரைத் தட்டினார், அடியில் குனிந்து பார்த்தார், கதவைத் திறந்து திறந்து மூடினார். அப்புறம் ஆர்சியை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்தார். தன் போனையும் எடுத்தார்.

"ஏனுங்கம்மணி, போன்ல மொத ஓனருன்னு போட்டிருக்கறீங்க. இதுல ரெண்டுன்னு இருக்குதுங்களே?"

முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மாத்தறதுக்கு மறந்துபோட்டனுங்க" என்றேன்.

"இது மறக்கற சமாச்சாரமுங்களா? உடுமலையில இருந்து ரெண்டு பஸ் மாறி வாரனுங்க. ஓனர்லயே ஒண்ணக் கொறச்சுப்போட்டீங்க, கிலோமீட்டர்ல எத்தனைய மழுங்கடிச்சீங்களோ, ஆரு கண்டா?"

"அப்படியெல்லாம் இல்லீங்ணா" என்று முதலாளி குறுக்கே வந்தார். "புள்ள புதுசு. இப்பத்தான் எழுதிப் பழகுது."

"மூணு வருசமா எழுதறனுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அப்ப மூணு வருசமா இப்படித்தானுங்களா!" என்றார் வியாபாரி.

முதலாளியின் காது சிவந்துவிட்டது. இருபது வருடமாக அவர் கட்டிக் காத்த பெயர் அது. கன்சல்டிங்கில் இன்னொரு வழக்கம் உண்டு. ஓனர் இறந்துபோன வண்டி என்று வாயைத் திறந்து சொல்வதில்லை. ராசியில்லாத வண்டி என்று வாங்குகிறவர்கள் அப்படியே திரும்பிவிடுவார்கள். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் முதலாளியைத் திருட்டுப் பட்டத்தோடு நிற்க வைக்க முடியவில்லை.

"மொத ஓனரு எங்கண்ணனுங்க" என்றேன். "இப்ப இல்லீங்க. அவனை எடுத்துப்போட்டு ரெண்டுன்னு போட எனக்குக் கை வரலீங்க. சாருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தப்பு என்னோடதுதானுங்க."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். வியாபாரி போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"எத்தன வயசுங்க?"

"இருவத்தொம்பதுங்க."

"அடக் கெரகமே. இந்த வண்டியிலயா?"

"இல்லீங்க. காமாலைங்க."

அவர் வண்டியை இன்னொரு தடவை சுற்றி வந்தார். இந்தத் தடவை எதையும் தட்டவில்லை. "ராசி கீசியெல்லாம் நான் பாக்கறதில்லீங்க. தேங்காய்க்கு ஆரு ஓட்டுனாலும் தேங்காய்தான். ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி எடுத்துக் காட்டச் சொல்லுங்க" என்றார்.

முதலாளி சாவிக்குக் கை நீட்டினார். சாவி ஆணியில் இல்லை. அண்ணி அதை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்.

"அம்மணி, அம்மணி, சித்தெ இருங்க" என்று முதலாளி ஓடினார்.

"அக்கட்டால நில்லுங்க சார். பின்னால எடுக்கறனுங்க."

இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளியில் கார்கள் நின்றன. ஒன்று போன வாரம் பெயின்ட் அடித்து வந்தது. முதலாளி அந்தக் காரின் கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டு நின்றார், அதனால் என்ன பயனோ. அண்ணி கண்ணாடியைப் பார்த்து, தலையை வெளியே நீட்டி, இன்னொரு தடவை கண்ணாடியைப் பார்த்து, ஒரே எடுப்பில் பின்னால் கொண்டுவந்தார். கடைக்கு முன்னால் உள்ள மண் பாதையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அதே சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். எனக்கு வாய் மூடவில்லை. அண்ணி ஓட்டுவார் என்று எனக்குத் தெரியவே தெரியாது.

"ஆரு கத்துக் குடுத்ததுங்க?" என்றார் வியாபாரி.

"அவருதானுங்க. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஊருக்கு வெளிய ஒரு காலி சைட்டுக்குள்ள ஓட்டுவமுங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவ்வளவு நாளும் அப்படித்தான் நம்பினேன். ஒரு தடவைகூடத் திருநீறு கொண்டுவந்ததில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது. எனக்குத் தெரியாத ஒரு அண்ணன் அந்த வண்டிக்குள் இருந்திருக்கிறான். அவனைத் தெரிந்த ஒரே ஆள் அண்ணி.

"வண்டி புடிச்சிருக்குதுங்க. முடிச்சுக்கலாமுங்களா?" என்றார் வியாபாரி.

அண்ணி சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். "ரெண்டு நாள் குடுங்க. ரோசிச்சுச் சொல்றனுங்க."

"இதென்னுங்க இது, வாங்கறவன் கேக்கற டைமை விக்கறவங்க கேக்கறீங்க!" என்று சிரித்துவிட்டு அவர் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறப் போனார். முதலாளி அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணி அரிசி களைய உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். நிமிராமலே கேட்டார்.

"ஏன் மாத்தலே?"

"உங்களுக்குத்தான் தெரியுமே அண்ணி."

"உங்கண்ணன் பேரு போயிரும்னு நெனச்சியா?"

"ம்."

"அப்ப நானு?"

நான் அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட எடுத்தேன்.

"என்ற பேரு அதுல ஏறுனது உனக்குப் புடிக்கலியா கண்ணு?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. பிடிக்கவில்லைதான். அதை ஒத்துக்கொள்ள வேண்டும். இத்தனை மாதமாக அழுததெல்லாம் என் அண்ணனுக்காக, என் அம்மாவின் மகனுக்காக. அண்ணி அழுததை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன், அவ்வளவுதான். அண்ணி என்றைக்கிருந்தாலும் ஊருக்குப் போய்விடுகிறவர் என்று நானே முடிவு செய்துவிட்டு, விட்டுவிட்டுப் போகிறார் என்று கோபமும் பட்டேன். எல்லாவற்றையும் உளறிக்கொட்டி அழுதேன்.

அண்ணி அரிசிக் கையைச் சேலையில் துடைத்தார். "ஆர்சி வந்தன்னிக்கு நானும் பாத்தேன். ரெண்டுன்னு இருந்துது. அவருக்கு அடுத்தாப்பல நானு. அது எனக்கு நல்லாத்தான் இருந்துது" என்றார். அப்புறம், "அந்த வெளம்பரத்தக் காட்டு பாக்கலாம்" என்றார்.

போனை எடுத்து அவர் முன்னாலேயே ஃபர்ஸ்டை அழித்துச் செகண்ட் போட்டேன். அண்ணி ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

"வெல் மெயின்டெய்ண்டுன்னா?"

"நல்லாப் பாத்துக்கிட்டதுங்க."

"ஆரு பாத்துக்கிட்டாங்கன்னு எங்க இருக்குது?"

"அது இதுல வராதுங்க அண்ணி. இதுல ஆரும் வரமாட்டாங்க."

"தெனமும் காத்தால பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வெச்சதும் வராதா? இல்லீன்னா உன்ற நியூலி பேட்டரி எப்பவோ செத்திருக்கும்."

வண்டி எங்கள் வாசலில் நின்ற வரைக்கும், காலையில் நான் போர்வைக்குள் கிடக்கும்போது வண்டிச் சத்தம் கேட்கும். அண்ணன் வந்துவிட்டான் என்று அரைத் தூக்கத்தில் மனசு எழும், அடுத்த விநாடி விழும். பக்கத்து வீட்டு வண்டி என்றே நினைத்து அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஏழு மாதமாக அண்ணிதான்.

"அப்படின்னா எதுக்குங்க குடுக்கறீங்க?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"எனக்கு ஓட்டோணும்னு ஆசையா இருந்துது. அவரு போயி ஏழு மாசத்துல இப்படி ஒரு ஆசையான்னு எனக்கே பயமா இருந்துது. கண்ணு முன்னால இல்லாமப் போனா அதுவும் போயிரும்னு நெனச்சேன்" என்றார் அண்ணி. "இன்னிக்குப் பின்னால எடுத்தேன் பாரு. அந்த ஆசை போகாது."

மூன்றாம் நாள் அண்ணியின் அப்பா கோபியிலிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தார்.

"வண்டிய வெச்சுட்டு என்ன சாமி பண்ணுவே?"

"ஓட்டுவனுங்ப்பா."

"லைசென்சு?"

"எடுப்பனுங்க."

"நாலு பேரு என்ன பழமை பேசுவாங்க?"

"லோடு ஏத்துன வண்டியில உக்காந்தா அது காதுல உழுகாதுங்ப்பா."

அவர் அம்மாவைப் பார்த்தார். "என்னுங்க சம்மந்தி, நீங்களாச்சும் சொல்லப்புடாதுங்களா?"

"இருக்கறதும் போறதும் அவ இஷ்டமுங்க" என்றாள் அம்மா. "வரோணும்னு தோணுச்சுன்னா அந்த வண்டியிலயே கோபிக்கு ஓட்டிக்கிட்டு வரட்டுமுங்க. நீங்க எறங்கி வந்து பஸ்ஸுல கூட்டிட்டுப் போற வேலை மிச்சம்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட்டு, மோர் குடித்துவிட்டு, "வாரனுங்க" என்று கிளம்பினார். அதற்குள் கடையிலிருந்து திரும்பி வாசலுக்கு வந்திருந்த வண்டியின் டயரைப் போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

உடுமலை வியாபாரிக்கு நான்தான் கூப்பிட்டுச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "போச்சாது, பரவால்ல உடுங்கம்மணி" என்றார். முதலாளிதான் புலம்பினார். "உன்னால ஒரு யாவாரம் போச்சு, இருவது வருசத்துப் பேரும் போகப் பாத்துது." ஆனால் எல்.எல்.ஆர். போட அண்ணியை அவரே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டெஸ்டுக்கு முந்தின வாரம் கடைக்குப் பின்னால் நாலு டயரை நிறுத்தி அதற்கு நடுவில் எட்டுப் போடச் சொல்லிப் பழக்கினார். அண்ணி ஒரு டயரைச் சாய்த்தார். "பரவால்ல, ஆளில்ல, டயருதான்" என்றார் முதலாளி.

லைசென்ஸ் கையில் வந்த அன்று நான் புதிதாக ஒரு விளம்பரம் எழுதினேன். விற்பதற்கு இல்லை, லோடு கேட்டு. கேர்ஃபுல்லி டிரிவன், வெல் மெயின்டெய்ண்ட் வெஹிக்கிள். நியூலி லைசென்ஸ்டு டிரைவர். பெருமையாகப் படித்துக் காட்டி அர்த்தம் சொன்னேன்.

"புதுசா லைசென்சு எடுத்தவன்னு நீயே தண்டோரா போட்டா ஆரு லோடு குடுப்பா? அந்த நியூலியத் தூக்கு மொதல்ல" என்றார் அண்ணி.

தூக்கினேன். லைசென்ஸ்டு டிரைவர். அது பொய் இல்லை.

பத்து நாள் ஒரு போனும் வரவில்லை. பதினோராவது நாள் வந்தது உடுமலையிலிருந்து.

"ஏனுங்கம்மணி, வண்டியத்தான் குடுக்க மாட்டேன்னுட்டீங்க. லோடாச்சும் அடிப்பீங்களா? உக்கடத்துல எறக்கோணும். வெள்ளனே வந்தீங்கன்னா நல்லது."

அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன். பொழுது விடியும்போது பொள்ளாச்சியைத் தாண்டியிருந்தோம். அண்ணி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். எதிரே லாரி வரும்போதெல்லாம் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம். தேங்காய்க் களத்துக்குள் பின்னால் எடுக்கும்போது லோடுமேன் ஒருவர் முகத்தைப் பார்க்காமலே கையை ஆட்டிக்கொண்டிருந்தார். "வரட்டும்ணா, வரட்டும், வரட்டும், ஒடிச்சு வாங்குங்ணா, போதும்." கிட்டே வந்து பார்த்துவிட்டு, "அட, அம்மணிங்களா!" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லா வாங்குனீங்க" என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் அது போதுமாக இருந்தது.

லோடு ஏறியதும் வண்டி பின்னால் தாழ்ந்தது. களத்திலிருந்து ரோட்டுக்கு ஏறும் சின்ன மேட்டில் எஞ்சின் நின்றுவிட்டது. வண்டி பின்னால் உருளப் பார்த்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டு அண்ணி கண்ணை மூடினார். அண்ணனை நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அவனைத்தான் நினைத்தேன். அந்த இடத்தில் அவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது, அண்ணிக்குத் தெரியும். ஹேண்ட் பிரேக்கைப் போட்டார், மறுக்கா ஸ்டார்ட் செய்தார், கிளட்ச்சை மெதுவாக விட்டார். தேங்காய்கள் பின்னால் ஒரு தடவை உருண்டு அடங்கின. வண்டி ரோட்டில் ஏறியது.

கண்ணாடியைப் பார்த்தபடியே அண்ணி கேட்டார்.

"அடுத்த லோடு எப்பன்னு அந்தத் தேங்காய்க்காரர்கிட்டக் கேட்டியா?"

"இல்லீங்களே."

"கேளு கண்ணு. இப்பவே கேளு. களத்துல இருக்கறப்பவே கேட்டிருக்கோணும்."

நான் போனை எடுத்தேன்.